வெண்முடிக் கலவை படி தாண்டாத நாள்

இவ்வோலை கூறும் செய்தி நிகழ்ந்த வேளையில் ஆற்றுமுகம் அரண்மனை மடைப்பள்ளியில் இருந்தோர்: தாழ்வயல் நாட்டு மன்னர் சேந்தனார், வெண்கோட்டு நாட்டுத் தூதுவர் எழினியார், மடைப்பள்ளித் தலைவர் கொற்றன் பூதனார், வெண்கோட்டிலிருந்து வந்த சமையற்காரி செல்லி, இதை எழுதுவோனாகிய ஓலைநாயகம் உலகுய்யவந்தான். ஒரு பூனையும் இருந்தது. பூனையின் சான்றை எந்த அவையும் ஏற்பதில்லை என்பதால் அதன் பெயர் சேர்க்கப்படவில்லை.

பனி உருகா முடியும் புல் வற்றாச் சரிவும் உடைய வெண்கோட்டு நாட்டை ஆள்பவரும், ஆயிரம் மந்தைகளுக்கு அன்னையும், கணவாயின் காவலுமாகிய பேரரசி நீலமங்கையார் திருமுன்புக்குத் தாழ்வயல் நாட்டின் வணக்கம். தங்கள் ஆடுகள் பெருகுக. தங்கள் சுனைகள் நிறைக. தங்கள் பாதைகளில் யார் காலும் வழுக்காதிருக்க. இங்கே மன்னர் நலம். மழை இல்லை. வெயில் உண்டு, கேட்டதற்கு மேலேயே உண்டு.

தூதுவர் எழினியார் ஊர் திரும்பியதும் நடந்ததைத் தம் வாயால் சொல்வார். அவர் உண்மை பேசுகிறவர். ஆனால் அன்றைய பொழுதில் பெரும்பகுதி அவர் கோபத்தில் இருந்தார். கோபத்தில் இருந்தவர் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நடக்க வேண்டியது முழுவதும் அங்கேதான் நடந்தது. ஆகவே பூதனாரின் தோளுக்குப் பின்னே நின்று பார்த்ததுபோல இதை எழுதுமாறும், முக்கியமான பேச்சைப் பேசியவாறே எழுதுமாறும், அலங்காரத்தைக் குறைத்துக்கொள்ளுமாறும் மன்னர் பணித்தார்.

கோடை உச்சிக்கு ஏறும் நாளில் நம் இரு நாட்டாரும் ஒரே கலத்தில் உண்பதும், பொழுது சாய்வதற்குள் கலம் காலியானால் அடுத்த கோடைவரை கணவாய் திறந்திருப்பதும், மிச்சம் இருந்தால் அடைபடுவதும் தாங்கள் அறிந்த வழக்கம். ஆறு கோடைகள் எங்கள் சோற்றைத் தங்கள் தூதுவர் முகம் சுளிக்காமல் உண்டார். ஏழாம் கோடையில், இம்முறை எங்கள் உணவை உங்கள் அரண்மனையில் ஆக்கி உண்ணுங்கள் என்று தாங்கள் சொல்லி விடுத்தது முறையான வேண்டுகோள். தங்கள் நாட்டார் வெயிற்காலத்தில் உண்ணும் வெண்முடிக் கலவைக்கென்று, உப்புநீரில் மூழ்கிய செம்மறிப் பாற்கட்டி ஒரு சாடியும், காரமில்லாத பருத்த பச்சைமிளகாய் ஒரு கூடையும் அனுப்பினீர்கள். மற்ற காய்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தன. கணவாய் அடைபட்டால் எங்கள் உப்புவண்டிகள் அடிவாரத்திலேயே நிற்கும். வண்டி ஓட்டும் நானூறு குடும்பங்கள் ஓராண்டு சும்மா உட்காரும். இதை மடைப்பள்ளியில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். பூதனாரும் அறிந்திருந்தார்.

இனிப் பூதனார். மன்னரின் தந்தையார் காலத்தில், ஒரு கோடை நடுப்பகலில், இளைஞராயிருந்த பூதனார் வெள்ளரிக்காய் நறுக்கி அரசருக்கு அனுப்பினார். அதைத் தின்ற அரசர் நாற்பது நாள் படுத்தார். பிழைத்து எழுந்தார், ஆனால் அதன்பின் கோலின்றி நடக்கவில்லை. யாரும் பூதனாரைத் தண்டிக்கவில்லை. அவரே அரசரின் கட்டிலருகே நின்று, தீ தொடாத எதுவும் இனி மடைப்பள்ளிப் படியைத் தாண்டி அரச குடும்பத்தின் இலைக்கு வராது என்று சத்தியம் செய்தார். அரசர் தலையசைத்தார். முப்பத்தோராண்டாக அச்சத்தியம் நிற்கிறது. மாம்பழம் வெந்நீரில் முங்கி எழுந்தே வெளியே வரும். வெற்றிலை தணலில் வாடியே வரும். இன்றைய மன்னர் ஏழு வயதிலிருந்து வெதுவெதுப்பான மாம்பழம் தின்று வளர்ந்தவர். மாம்பழம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தார்.

அன்று காலை செல்லி வந்தாள். பூதனார் அவளை மரியாதையோடு வரவேற்று, வேப்பமர நிழலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, சாடியையும் கூடையையும் தாமே வாங்கிக்கொண்டார். எங்கள் நாட்டில் விருந்தாளியை வேலை வாங்குவது இழுக்கு. அவள் எழுந்து எழுந்து வந்தாள். அவர் உட்காரம்மா உட்காரம்மா என்று திருப்பி அனுப்பினார். எப்படிச் செய்வது என்று அவர் கேட்கவில்லை. நாற்பதாண்டு சமைத்தவருக்குக் காய்களையும் பாற்கட்டியையும் பார்த்ததும் என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாகவே இருந்தது. வெள்ளரியையும் தக்காளியையும் மிளகாயையும் ஒரே பானையில் வேகவைத்தார். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டார். பாற்கட்டியில் பாதியைப் போட்டுக் கரைத்தார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். கூட்டு மணத்தது.

நண்பகலில் கலம் மண்டபத்துக்கு வந்தது. எழினியார் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்லியை அழைத்துவரச் சொன்னார். அவள் குனிந்து கலத்துக்குள் பார்த்தாள், ஆவி முகத்தில் அடித்தது, நிமிர்ந்தாள்.

“யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டாள்.

அவள் நிஜமாகவே கேட்டாள். தங்கள் நாட்டில் நோயாளிக்குத்தான் காயை இப்படி வேகவைப்பார்கள் என்பது எங்களுக்குப் பிறகே தெரிந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் பூதனாரின் நெஞ்சு. அவர் முகம் அடுப்புச் சாம்பல் போலாயிற்று.

எழினியார் கைகளை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார். இது தம் அரசி சொல்லிவிட்ட உணவன்று என்றும், இதைத் தொட்டால் அரசியின் சொல்லை மாற்றியதாகும் என்றும், பொழுது இன்னும் சாயாததால் முறையான கலவை வந்தால் உட்காருவதாகவும், வராவிடில் அந்தி விளக்கு ஏற்றுமுன் மலையேறுவதாகவும், அதன்பின் கணவாய் பற்றித் தம்மிடம் பேசவேண்டாம் என்றும் கூறினார். அமைதியாகவே கூறினார். அதுதான் அச்சமூட்டியது.

அந்தக் கூட்டு நன்றாக இருந்தது என்பதையும் பதிந்துவைப்பது இதை எழுதுவோனின் கடமை. இரண்டு அகப்பை உண்டேன்.

மன்னர் பூதனாரை அழைத்து, சத்தியத்திலிருந்து அவரை விடுவிக்கத் தமக்கு உரிமை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பூதனார். வாங்கிக்கொண்டவர் இறந்துவிட்டார், இருப்பவர் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார். மடைப்பள்ளிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து, வேறொருவரை அமர்த்திக்கொள்ளும்படி மன்னர் காலடியில் வைத்தார். மன்னர் அதைக் காலால் அவர் பக்கமே தள்ளிவிட்டு, பொழுது சாயும்வரை தாம் எந்த ஆணையும் இடப்போவதில்லை என்றார். அது பெருந்தன்மையா, தப்பித்தலா என்று இன்றுவரை அமைச்சர்களுக்குள் பேச்சு இருக்கிறது. எப்படியாயினும் சுமை முழுவதும் பூதனார் தலையில் வந்து உட்கார்ந்தது. சத்தியத்தை விட்டால் நானூறு குடும்பம் பிழைக்கும். பிடித்துக்கொண்டால் இறந்தவரிடம் சொன்ன சொல் பிழைக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் மடைப்பள்ளிக்குத் திரும்பியபோது செல்லி உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. மிச்சமிருந்த பாதிச் சாடியை மடியருகே வைத்திருந்தாள்.

பச்சையாகத் தின்றால் ஆள் செத்துப்போவான் என்றால் தன் மலையில் இந்நேரம் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அவள் சொன்னாள். பூதனார் அவளுக்கு அந்த நாற்பது நாளையும் கோலையும் சொன்னார். அழாமல், குரல் மாறாமல், அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அந்த வெள்ளரியை எந்தத் தண்ணியில கழுவின?”

“ஆத்துத் தண்ணி. அந்த வருசம் ஆறு குட்டையாக் கெடந்துச்சு.”

“நறுக்கின உடனே தின்னாரா?”

“எங்கே. மண்டபத்துல யாரோ பாடிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு நாழிகை வெயில்ல கெடந்துச்சு.”

“அப்ப தண்ணிமேல கோவிச்சுக்க. பாட்டுக்காரன்மேல கோவிச்சுக்க. வெள்ளரிக்கா என்ன பண்ணுச்சு?”

இதைப் பூதனார் தாமே பலமுறை நினைத்திருக்கிறார். நினைத்ததால் சத்தியம் கழன்றுவிடவில்லை. அதையும் அவளிடம் சொன்னார். அவள் சரி என்றாள். பொழுது போகிறது, காயைக் கழுவக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடு என்றாள். அந்தத் தண்ணீர் அவரிடம் எப்போதும் இருந்தது. ஒரு குடம் நிறையக் கொடுத்தார்.

வெள்ளரியின் தோலை அவள் ஒரு வரி சீவி ஒரு வரி விட்டாள். சீவியதைக் கட்டைவிரல் நகமளவு துண்டாக்கினாள். தக்காளியைத் தொட்டுப் பார்த்து, பழுத்தும் குழையாததாகப் பொறுக்கி, பிளந்து போட்டாள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, காரம் இறங்கத் தண்ணீரில் கிடத்தினாள். பூதனார் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதவவில்லை, தடுக்கவும் இல்லை. பிறகு அவள் மிளகாய்க் கூடையை இழுத்துக்கொண்டு, அடுப்பில் தீ இருக்கிறதா என்று கேட்டாள்.

அவர் தூணைவிட்டு நிமிர்ந்தார்.

தங்கள் நாட்டார் அக்கலவையில் மிளகாயை மட்டும் நெருப்பில் சுட்டு, கருகிய தோலை உரித்துச் சேர்ப்பார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. காலையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் மிளகாய்களை அள்ளி நேரே எரியும் விறகின் மேல் வைத்தாள். பூதனாரால் பொறுக்க முடியவில்லை. முன்னே வந்து விறகைப் பின்னுக்கு இழுத்தார். இடுக்கியால் தணலைத் தட்டிப் பரப்பினார்.

“கொழுந்துல வைக்காதே. தணல்ல வை. தோல் கருகணும், சதை கருகக்கூடாது.”

“எங்க ஊர்ல இப்படித்தான்.”

“உங்க ஊர்ல அடுப்பு தெரிஞ்சவன் யாரும் இல்ல போலிருக்கு.”

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு மிளகாய் அவர் கைக்குப் போனது. வெறும் விரலால் திருப்பினார். நாலு பக்கமும் கறுத்ததும் ஒரு சட்டியில் போட்டு மூடி வியர்க்கவிட்டார். அதை அவள் சொல்லித்தரவில்லை, கத்தரிக்காய்க்கு அவர் செய்வதுதான். தோல் துணிபோலக் கழன்று வந்தது. இத்தனை சுத்தமாகக் கழன்று தான் பார்த்ததில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். பின்பு அவர் காதோரம் சாய்ந்தாள்.

“பாத்தியா அடுப்பண்ணே, இதுல நெருப்பு பட்டிருக்கு. உன் சத்தியத்துக்கு இது போதாதா?”

பூதனார் யோசித்தார். தணலில் கிடந்த கடைசி மிளகாய் கரியாகும்வரை யோசித்தார். அவர் அடுப்பில் ஒரு பொருள் கரியானது அன்றுதான்.

“ஒண்ணு வெந்தா எல்லாம் வெந்ததாயிடுமா? என்னைக் கேட்டா நான் ஏமாந்துக்குவேன். போய்ச் சேர்ந்தவரை ஏமாத்த மாட்டேன்.”

அவள் வற்புறுத்தவில்லை. முற்றத்துச் சுவரில் நிழல் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. காய்களைக் கலத்தில் சேர்த்து, நல்லெண்ணெய் விட்டு, புளித்த காடி தெளித்து, மல்லித்தழை தூவினாள். பூதனார் பழக்கத்தில் உப்புக்குக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பாற்கட்டியில் உப்பு இருக்கிறது. இப்போதே உப்பு விழுந்தால் காய் நீர்விட்டுத் தொய்ந்துபோகும். பாற்கட்டி கடைசியில் மேலே விழவேண்டும், விழுந்த மூச்சில் உண்ணவேண்டும் என்றாள். மண்டபம் எத்தனை தூரம் என்றும் கேட்டாள். இருநூறு அடி என்றார் அவர். இருநூறு அடி நடந்தால் இது குழம்பாகிவிடும், எங்கள் ஊரில் இதை வெட்டுகிற இடத்திலேயே சுற்றி உட்கார்ந்து தின்போம், தூக்கிக்கொண்டு திரிவதில்லை என்றாள்.

பூதனார் கலத்தைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். அன்று அந்த வெள்ளரிக்காய் கெட்டது இந்த இருநூறு அடியிலும் அதற்கப்பால் கிடந்த இரண்டு நாழிகையிலும்தான். தம் கண்ணுக்கு எதிரே, வெட்டிய கை காயுமுன் உண்ணப்படுகிற உணவுக்கு எதிராக அவர் எதையும் சத்தியம் செய்யவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எண்ணியதில்லை. தாழ்வயல் நாடு தோன்றிய நாள்முதல் எந்த மன்னரும் மடைப்பள்ளிக்குள் கால் வைத்ததில்லை.

கையிலிருந்த இடுக்கியைக்கூட வைக்காமல் அவர் மண்டபத்துக்கு நடந்தார். காவலர் விலகினர். எழினியாரின் ஆட்கள் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தனர். பூதனார் அரியணைக்கு முன்னே நின்று, வணங்கவும் மறந்து, சொன்னார்:

“சாப்பாடு வராது அரசே. நீங்கதான் வரணும்.”

அவையில் ஒருவர் இருமினார். மன்னர் மடைப்பள்ளிக்குள் போகலாகாது என்று விதி ஏதேனும் உண்டா என்று என்னிடம் கேட்கப்பட்டது. ஏடுகளைப் புரட்ட அரை நாள் வேண்டும். பொழுது சாய ஒரு நாழிகையே இருந்தது. இல்லை என்றேன். இருந்தால் பிற்பாடு கிழித்துவிடலாம் என்று மன்னர் எழுந்தார். குடைபிடிப்போன் பின்னே ஓடிவந்தான். வாசல் தாழ்வாக இருந்ததால் குடை உள்ளே வரவில்லை, அவனும் வரவில்லை. எழினியார் சற்றுத் தயங்கி, சேணம் பூட்டியவர்களைக் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

மன்னர் ஒரு மணையில் உட்கார்ந்தார். தூதுவருக்குக் கவிழ்த்த உரல் கிடைத்தது. நடுவே கலம். அப்போதுதான் பாற்கட்டியைத் துருவும் கருவியைச் செல்லி மலையிலேயே விட்டுவந்தது தெரிந்தது. அவள் முகம் அன்று முதன்முறையாகச் சுருங்கியது. பூதனார் மூலையிலிருந்து தேங்காய்த் துருவுமணையை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கலத்தை அலகின் கீழே வைத்து, பாற்கட்டியைத் துருவினார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. பச்சையும் சிவப்பும் மெல்ல மறைந்து, கலத்தின் மேல் ஒரு வெள்ளைக் குவியல் எழுந்தது. பூதனார் பனியைக் கண்டவரல்லர். எழினியார் கண்டவர், அவர் கைகள் மேலாடையிலிருந்து வெளியே வந்தன.

மன்னர் முதல் கவளம் எடுத்தார். முப்பத்தோராண்டில் முதன்முறையாக அரசர் வாயில் ஒரு காய் சத்தம் போட்டது. நறுக்கென்று கேட்டது. மன்னரே திடுக்கிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டாம் கவளம் எடுத்தார். வெள்ளரி குளிர்ந்திருந்தது, தக்காளி புளித்து இனித்தது, சுட்ட மிளகாயில் புகை மணத்தது, பாற்கட்டி உப்பும் கொழுப்புமாய் அனைத்தையும் ஒன்றாகப் பிடித்திருந்தது. வெயிலில் மூன்று மாதமாக எதையும் பாதியில் வைத்து எழுந்த மன்னர், எழினியாரின் பக்கத்திலிருந்தும் ஒரு துண்டு மிளகாயை எடுத்தார். எழினியார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். சற்றுப் பொறுத்து மன்னரின் பக்கத்துத் தக்காளியை எடுத்துக்கொண்டார். இந்தப் பாற்கட்டியில் ஊறிய உப்பு தாழ்வயல் கடற்கரையில் விளைந்ததுதான் என்று அவர் மன்னரிடம் கூறினார். மன்னர் மென்றுகொண்டே தலையசைத்தார்.

பூதனார் கலத்தைப் பார்க்கவில்லை. மன்னரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை புறங்கையால் மன்னரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மன்னர் மெல்வதை நிறுத்தவில்லை.

அடியில் எண்ணெயும் காடியும் காய்ச்சாறும் பாற்கட்டித் தூளும் கலந்த நீர் மிஞ்சியது. எழினியார் கலத்தைத் தூக்கிப் பாதி குடித்து மன்னரிடம் நீட்டினார். மன்னர் மீதியைக் குடித்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. அப்போது சுவரின் உச்சியில் விரலளவு வெயில் இருந்தது. செல்லியும் பூதனாரும் நானும் பார்த்தோம். எழினியாரும் பார்த்து, கலம் காலி, கணவாய் திறந்தது என்று முறைப்படி கூறினார். வெளியே செய்தி போனதும் வண்டிக்காரர் தெருவில் தாரை ஊதினார்கள்.

மன்னர் எழுந்து வெளியேறப் போனார். பூதனார் படியில் குறுக்கே நின்றார். வாய் கொப்பளிக்கச் சொன்னார், கை கழுவச் சொன்னார், நகக்கண்ணைப் பார்த்தார்.

“மீசையில இருக்கு அரசே.”

ஒரு துணுக்குப் பாற்கட்டி. தம் துண்டால் துடைத்த பிறகே வழிவிட்டார். தீ தொடாத எதுவும் அன்று மடைப்பள்ளிப் படியைத் தாண்டவில்லை என்று இதை எழுதுவோன் சான்று கூறுகிறேன்.

மூன்று நாள் பூதனார் காலையும் மாலையும் மன்னரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நான்காம் நாள் கிணற்றடியில் தனியே நின்று ஒரு முழு வெள்ளரிக்காயைத் தின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறார்; அவ்வாறே நினைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே பேரரசியார் திருவுள்ளத்துக்கு மன்னர் தெரிவிப்பவையும் வேண்டுபவையும் இவை. உப்புவண்டிகள் ஓலைக்கு முன்பே புறப்பட்டுவிட்டன. கணவாய்க் காவலர் தடையின்றி விடுக. இனி எங்கள் முறை வரும் கோடைகளில் கலம் மடைப்பள்ளிக்குள்ளேயே வைக்கப்படும், மண்டபத்தில் வைக்கப்படாது. வெள்ளரிப் பருவம் முடியும்வரை செல்லியை இங்கே இருக்க விடுக. இருக்கத் தனக்கும் சம்மதம் என்றும், அடுப்பை மட்டும் தன்னிடம் கொடுக்க அண்ணன் மறுக்கிறார் என்றும் அவள் சொல்கிறாள். சாடி காலியாகிவிட்டது. இரண்டு அனுப்புக. மூன்றானாலும் குற்றமில்லை.

சேந்தனார் ஆட்சியாண்டு பதினான்கு, கோடை உச்சி கடந்த ஐந்தாம் நாள் எழுதப்பட்டது. மன்னர் சொல்ல எழுதினேன். எழுதியதை வாசிக்க மன்னர் கேட்டார். இச்சொல் நீரோடும்வரை நிற்க. இதை மாற்றுவார் எவரும் இல்லாதிருக்க. இதன்படி செய்க. தாழ்வயல் நாட்டு ஏர் முத்திரை இங்கே இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே எழுதுவது வழக்கமன்று. ஆயினும் அந்த முத்திரை இடப்பட்ட விதத்தையும் தாங்கள் அறியவேண்டும். அரக்கை உருக்கிக்கொண்டு மன்னரைத் தேடினேன். மண்டபத்தில் இல்லை, அந்தப்புரத்தில் இல்லை, நந்தவனத்தில் இல்லை. மடைப்பள்ளி வாசலில் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அழைப்புக்குக் காத்து நிற்கிற மாப்பிள்ளைபோல நின்றிருந்தார். உள்ளே நறுக்கும் ஓசை கேட்டது. ஓலையைப் படியில் வைத்து, குந்தி உட்கார்ந்து முத்திரையை அழுத்தினார், இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. பூதனார் கதவைத் திறந்து அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தியானதும் ஒதுங்கி நின்றார். மன்னர் குனிந்து உள்ளே போனார். நானும் ஓர் அடி வைத்தேன். பூதனார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மன்னருக்குப் பின்னால் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார்.